நிழல் இல்லாத நாளுக்குக் காத்திருந்தது: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

மார்ச் 15

அக்கா மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். இன்று வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து கேட்டாள்: "மாமா, பன்னெண்டு மணிக்குச் சூரியன் உச்சியில இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்களே, என் நிழல் மட்டும் ஏன் இவ்ளோ நீளமா கெடக்கு?"

இயற்பியல் சொல்லித் தருவதே என் பிழைப்பு. ஆனாலும் இந்தக் கேள்வியோடு நான் ஒரு நாளும் வெயிலில் நின்றதில்லை. நாளைக்கு அளந்து பார்த்துவிடலாம் என்றேன்.

மார்ச் 16

மைலோ டப்பாவில் மணலை இறுக்கி ஒரு மீட்டர் கம்பை நட்டோம். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். சரியாக 12 மணிக்கு நிழல் 40 செ.மீ., மேற்குப் பக்கம். மிகக் குறைந்த அளவு 11 செ.மீ. சொச்சம், அது ஒன்றே கால் மணிக்குப் பிறகு. எந்த நிமிடம் என்று மட்டும் பிடிபடவில்லை, நிழலின் நுனி மங்கலாக இருக்கிறது. சூரியன் புள்ளியல்ல, வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் நிழலின் ஓரம் அதனால் ஏறக்குறைய 9 மி.மீ. கலங்கிவிடுகிறது.

மார்ச் 17

பாதி விடை எளிது. நம் மலேசியக் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. அந்தக் கோடு கிழக்கே போர்னியோத் தீவிலுள்ள சபா மாநிலத்தையும் தாண்டிக் கடலில் போகிறது. நம் ஊர் சுங்கை சிப்புட் இருப்பது 101 பாகையில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் என்றால், 19 பாகைக்கு 76 நிமிடம். ஆக நமக்கு உச்சிவேளை 1.16.

"அப்ப நம்ம கடிகாரம் சபாக்காரங்களோடதா?" என்றாள். ஏறக்குறைய அப்படித்தான். தீபகற்ப மலேசியாவின் நேரத்தைச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்கத்தான் 1982 ஜனவரி 1-இல் அரை மணி முன்னே தள்ளினார்கள்.

மார்ச் 20

சம இரவு நாள். சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்பதால், இன்றைய உச்சி நிழலின் கோணம்தான் நம் அட்சரேகை. நிழல் எட்டரை செ.மீ. சிறிய கோணம் என்பதால் 0.085-ஐ 57.3-ஆல் பெருக்கினால் போதும்: 4.87 பாகை. வரைபடத்தில் 4.8! பாகைக்கு 111 கி.மீ. என்று வைத்தால், நிலநடுக்கோட்டிலிருந்து 540 கி.மீ. வடக்கே உட்கார்ந்திருக்கிறோம். ஒரு கம்பும் அடிக்கோலும் இதைச் சொல்லிவிட்டன. இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மார்ச் 22

உச்சிவேளையைப் பிடிக்கப் பழைய முறைக்கே போனேன். மனை அளக்கத் திசை பார்த்தவர்கள் செய்தது போல, கம்பைச் சுற்றி 30 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். நிழலின் நுனி வட்டத்துக்குள் நுழைந்தது 12.18-க்கு, வெளியேறியது 2.27-க்கு. நிழல் ஒரே நீளமாக இருந்த இந்த இரண்டு நேரங்களுக்கும் நடுவில்தான் உச்சிவேளை: 1.22½.

கணக்கு 1.16 என்கிறது. ஆறரை நிமிடம் எங்கே போனது? கைக்கடிகாரத்தைப் பழித்துக் கைப்பேசியோடு ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. தீர்க்கரேகையைத் திரும்பப் பார்த்தேன், அதுவும் சரி.

மார்ச் 27

இன்றைய நடுவேளை 1.21. குறைந்திருக்கிறது! இதுதான் துப்பு. ஊரின் இருப்பிடத்தைத் தப்பாக எடுத்திருந்தால் பிழை நாளுக்கு நாள் மாறாது. மாறுகிறதென்றால் அது சூரியனின் நடையில் இருக்கிறது.

காரணம் இரண்டு. பூமியின் பாதை நீள்வட்டம். ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வரும்போது வேகமாக ஓடுகிறது, ஜூலையில் மெதுவாக. அடுத்து, பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பது. குன்றேறுகிறவன் பத்தடி வைத்தாலும் முன்னே போவது பத்தடிக்குக் குறைவு. மார்ச்சில் சூரியனும் கிழக்கே நகர்ந்தபடி வடக்கே ஏறிக்கொண்டிருக்கிறது. இப்படி நாளொன்றுக்குச் சில விநாடிகள் கூடியும் குறைந்தும் சேர்ந்து, பிப்ரவரி நடுவில் சூரியன் கடிகாரத்துக்கு 14 நிமிடம் பிந்துகிறது. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்துகிறது. ஏப்ரல் 15 வாக்கில் வித்தியாசமே இருக்காது. அன்று என் 1.16 பலிக்கும்.

மார்ச் 29

அம்மா இத்தனை நாளும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். "82-ல மணிய அரை மணி தள்ளி வெச்சாங்க. மரம் கேக்குமா? வெயில் ஏறிட்டா மங்குல பால் கம்மிதான்" என்றார். மங்கு என்பது ரப்பர் பால் வடியும் கிண்ணம்.

உண்மை. இரவில் மரம் நீரை நிரப்பிக்கொண்டு பால்குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும். வெயில் வந்ததும் இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்க, அழுத்தம் இறங்கிவிடும். மரத்துக்குச் சூரிய மணி மட்டுமே தெரியும். அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கிறது, நான்தான் கேட்டதில்லை.

ஏப்ரல் 1

வடக்கே ஏறிவரும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும் நாள் இன்றோ நாளையோ; அன்று உச்சிவேளையில் நிழலே இருக்காது. ஆனால் மேகம். 1.20-க்கு மழையே வந்துவிட்டது. பிள்ளை அழுதாள்.

ஏப்ரல் 2

காலையிலிருந்து கவலை. ஒரு மணிக்கு மேகம் விலகியது. 1.15-க்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். நிழல் கம்பின் அடியை நோக்கிச் சுருங்கிச் சுருங்கி, 1.20-க்குத் தேடினாலும் காணோம். பாப்பா ஒற்றைக் காலில் நின்று பார்த்தாள். அவள் நிழல் அவள் காலடியிலேயே குட்டையாய்க் கிடந்தது. அம்மா படியிறங்கி வந்து, கம்பின் உச்சியில் கையை வைத்து, தரையைப் பார்த்தபடி நின்றார்.

ஏப்ரல் 3

உச்சி நிழல் ஒரு செ.மீ., தெற்கே! மூன்று வாரமாக வடக்கே விழுந்தது திசை மாறிவிட்டது. சூரியன் நம்மைக் கடந்து வடக்கே போய்விட்டது. "திரும்பி வருமா மாமா?" வரும், செப்டம்பர் 10 வாக்கில். நாட்காட்டியில் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டாள்.