ஈர மண்ணில் வாடும் இலை

ஜூன் 6
மா, பலா, அவகேடோ, கொய்யா, பப்பாளி, எல்லாக் கன்றுகளும் வந்தாயிற்று. ஆனால் நடும் அவசரம் இல்லை. முதலில் மண்ணில் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு இடத்தில் ஓரடி ஆழம் தோண்டி, தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்பினேன். முதல் தண்ணீரை வறண்ட மண் உறிஞ்சிக்கொள்ளும். இரண்டாவதுதான் கணக்கு. மேட்டுக் குழி மதியத்துக்குள் காலி. வேலியோரக் குழியில் இருட்டிய பிறகும் பாதித் தண்ணீர் நின்றது.

ஜூன் 7
வேலியோரம் காலையிலும் சேறுதான், அடியில் களிமண். அங்கே அவகேடோ கூடவே கூடாது. தண்ணீர் தேங்கினால் மண்ணில் காற்று போய்விடும், வேருக்கு மூச்சு முட்டும். வேரழுகலைக் கொண்டுவரும் பைட்டாப்தோரா என்ற நுண்ணுயிரியின் வித்துகளும் அந்த ஈரத்தில்தான் நீந்திப் பரவும். பப்பாளி இன்னும் மென்மை. வேர் இரண்டு நாள் தண்ணீரில் நின்றாலே பிழைப்பது கஷ்டம். கொய்யா ஓரளவு தாங்கும். சரி, கொய்யா வேலியோரம், மற்றதெல்லாம் மேட்டில். அவகேடோவுக்கு மட்டும் அங்கேயும் தனியாக ஒன்றரை அடி உயர மண்மேடு போட்டேன். அதன் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே இருக்கும்.

ஜூன் 9
இன்று நடவு. மாங்கன்றின் பையைக் கிழித்தால், ஆணிவேர் அடியைத் தொட்டு மடங்கி, பையின் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வளர்ந்திருக்கிறது. இப்படியே நட்டால் பல வருஷம் கழித்தும் அந்த வளையம் நிமிராது. பருத்த வேர்கள் ஒன்றையொன்று இறுக்கும், பெருங்காற்றில் மரம் சாயும். சுத்தமான கத்தரியால் மடங்கிய நுனியை வெட்டி, பக்க வேர்களை விரலால் வெளிப்பக்கமாகப் பிரித்துவிட்டேன். பலாவையும் பப்பாளியையும் அப்படித் தொடக்கூடாது. பையை மட்டும் கீறி, மண்கட்டி உடையாமல் இறக்கினேன்.

குழி, பையின் மண் உயரத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். அகலம் மூன்று பங்கு இருக்கலாம். மண்வெட்டி பட்டு வழவழப்பான களிமண் சுவர் தொட்டி போலத் தண்ணீரைப் பிடித்துவைக்கும், அதனால் கடப்பாரையால் கீறிவிட்டேன். குழியின் அடியில் தொழுவுரத்தைக் கொட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அது மக்கி அமுங்கும்போது கன்றும் சேர்ந்து இறங்கிவிடும், ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்குள் போய்விடும். உரத்தை மேலே பரப்பினால் போதும்.

ஜூன் 10
காய்ந்த இலையால் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்கு. தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டேன். ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும்.

ஜூன் 24
தொடர்மழை. அவகேடோ இலைகள் தொங்குகின்றன. பார்த்தவுடன் தண்ணீர் ஊற்றத்தான் கை போகும், ஆனால் விரலை விட்டுப் பார்த்தால் மண் சொதசொதவென்று இருக்கிறது. ஓரத்தில் மெல்லக் கிளறி வேரைப் பார்த்தேன். பெரும்பாலானவை வெளிறிய நிறத்தில், உறுதியாக இருந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் சில கறுத்திருந்தன. இழுத்தால் தோல் கழன்று நடுநார் மட்டும் கையில் வந்தது. அந்தப் பக்கம் மண்மேடு அமுங்கித் தண்ணீர் தேங்கியிருந்தது. மண் போட்டு உயர்த்தி, வாய்க்கால் வெட்டிவிட்டு, மண் உலரும்வரை மூடாக்கையும் விலக்கிவைத்தேன். ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த தொழுவுரமும் போட்டிருக்கிறேன். அது அழுகிய வேரை மீட்காது, இனி வரும் வேருக்குத்தான் துணை.

ஜூலை 13
அவகேடோவில் புதுத் துளிர்! மாவும் செம்புநிறத் தளிர் விட்டிருக்கிறது. இனி எல்லாவற்றுக்கும் தண்டடியில் ஊற்றாமல், இலைவிரிவின் ஓரத்தில்தான் தண்ணீர். அப்போதுதான் வேர் வெளியே தேடிப் போகும். அதற்காகப் பாத்திகளை ஒரு சாண் அகலப்படுத்தினேன். மூடாக்கைத் திரும்பப் போடும் வேலை பாக்கி.