திங்க்பேட் பி52 மெதுவாகிறதா? ரேம் வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்

2018-ல் லெனோவோ வெளியிட்ட திங்க்பேட் பி52, கம்பெனிகளில் வேலை முடித்துக்கொண்டு இப்போது செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகிறது. ஆறு கோர் பிராசஸர், நான்கு ரேம் ஸ்லாட், குவாட்ரோ கிராபிக்ஸ், நல்ல கீபோர்டு. ரெவிட், ப்ளெண்டர், வீடியோ எடிட்டிங் என்று வேலை செய்பவர்களுக்கு இன்றைக்கும் பொருத்தமான மெஷின். ஆனால் வாங்கியவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெண்டர் போட்டா முதல் ஒரு நிமிஷம் பறக்குது, அப்புறம் தவழுது." கேட்டவர்கள் உடனே ரேமைக் கூட்டச் சொல்கிறார்கள். இந்த வகை லேப்டாப்பில் முதலில் பார்க்க வேண்டியது கரண்ட், அடுத்தது சூடு. ரேமின் முறை அதற்குப் பிறகுதான்.

அடாப்டரிலிருந்து தொடங்குங்கள். பி52-க்கு 170 வாட், 230 வாட் என இரண்டு வகை அடாப்டர்கள் உண்டு. இரண்டும் 20 வோல்ட். முதலாவது 8.5 ஆம்பியர், இரண்டாவது 11.5 ஆம்பியர். செவ்வக பிளக்கின் நடுவில் மெல்லிய பின் ஒன்று இருக்கிறது பாருங்கள், அது கரண்ட் கொண்டு வருவதற்கல்ல. வந்திருக்கும் அடாப்டர் எத்தனை வாட் என்பதை அதன் வழியாகத்தான் லேப்டாப் தெரிந்துகொள்கிறது. அந்தப் பின் வளைந்தாலோ, மலிவான டூப்ளிகேட் அடாப்டர் தன்னைச் சரியாக அடையாளம் காட்டாவிட்டாலோ, போர்டு பாதுகாப்புக்காக பிராசஸரை அமுக்கி வைத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் வேகம் 0.79 கிகாஹெர்ட்ஸிலேயே நிற்கிறது, எந்த வேலை கொடுத்தாலும் ஏறவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும்.

உறுதி செய்ய த்ராட்டில்ஸ்டாப் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் லிமிட்ஸ் பட்டனை அழுத்தினால் பிராசஸர் எதனால் கட்டுப்படுகிறது என்று காட்டும். வெப்பநிலை ஐம்பது டிகிரிதான், ஆனால் ப்ராக்ஹாட் (சூடு எச்சரிக்கை) சிவப்பில் எரிகிறது என்றால் பிராசஸர் சூடாகவில்லை. வெளியிலிருந்து யாரோ அதற்கு "நிறுத்து" என்று சிக்னல் அனுப்புகிறார்கள். வெளியிலிருந்து வரும் அந்தச் சிக்னலுக்குக் கட்டுப்படச் சொல்லும் பிடி ப்ராக்ஹாட் டிக்கை எடுத்துவிட்டால் வேகம் உடனே வந்துவிடும். யூடியூபில் பலர் இதையே தீர்வாகச் சொல்கிறார்கள். அது தீர்வல்ல, சோதனை மட்டுமே. டிக்கை எடுத்து வேகம் திரும்பினால் கோளாறு அடாப்டர், சார்ஜிங் போர்ட், பேட்டரி, போர்டின் பவர் பகுதி ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் இருக்கிறது. டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டு, ஒரிஜினல் அடாப்டர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். போர்ட்டுக்குள் டார்ச் அடித்து, கருகல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடாப்டர் சரி என்றால் சூட்டுக்கு வரலாம். வெப்பநிலை, பவர் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிராசஸரை முழுதாக வேலை வாங்கும் சினிபெஞ்ச் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது, பேக்கேஜ் பவர் என்ற வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐ7-8850எச் போன்ற பிராசஸர்களின் டிடிபி (தொடர்ந்து ஓட வடிவமைத்த பவர் அளவு) 45 வாட். முதலில் சில நொடிகள் அதைத் தாண்டிப் போய், பிறகு 45 வாட்டுக்குப் பக்கத்தில் இறங்கி நின்றால், வெப்பநிலையும் எண்பதுகளில் இருந்தால், மெஷின் நலமாக இருக்கிறது. முதல் நிமிடத்தின் வேகம் கடன் வாங்கிய வேகம், அது நிலைக்காது. ஆனால் 97, 98 டிகிரியைத் தொட்டுக்கொண்டு பவர் முப்பதுகளுக்கு இறங்குகிறது என்றால், ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் உலோகப் பகுதி) தன் வேலையைச் செய்யவில்லை. இந்த பிராசஸர்களின் உச்ச வரம்பு 100 டிகிரி.

அண்டர்வோல்ட் செய்தால், அதாவது பிராசஸருக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்தால், தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அதன் பிறகு வந்த பயாஸ் (மெஷின் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்கள் பலவற்றில் வோல்டேஜ் மாற்றும் வழியையே பூட்டிவிட்டார்கள். அதற்காகப் பழைய பயாஸுக்குப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். வழியில் வந்த மற்ற பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்து போய்விடும். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்டை மாற்றுவதே நேரான வழி.

திறப்பதற்கு முன் ஒரு வேலை. பி52-ன் பேட்டரி உள்ளே இருப்பது. ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போய், கான்ஃபிக், பவர், டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி என்று கொடுங்கள். மெஷின் தானாக அணையும். அடாப்டரைக் கழற்றிவிட்டுப் பிறகு திறங்கள். நடுவில் அடாப்டரைச் செருகினால் பேட்டரி மறுபடியும் உயிர் பெற்றுவிடும், கவனம். பேட்டரி லேசாக உப்பியிருந்தால் அதோடு வேலையை நிறுத்திவிட்டு, முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே ஃபெல்ட் துணி மாதிரி தூசி படிந்திருக்கும். வெளியிலிருந்து ஏர் அடித்தால் அது அசையாது. ஃபேனைக் கழற்றி, இடுக்கியால் உரித்து எடுக்க வேண்டும். ஏர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடாதீர்கள்.

ஹீட்சிங்க் திருகுகளுக்குப் பக்கத்தில் எண்கள் அச்சிட்டிருந்தால், பூட்டும்போது அந்த வரிசையிலும், தளர்த்தும்போது தலைகீழாகவும் போங்கள். ஒவ்வொன்றையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாகத்தான். லேப்டாப் சிப்பில் உலோக மூடி கிடையாது. ஒரு மூலையில் மட்டும் அழுத்தம் விழுந்தால் சிலிக்கான் ஓரம் உடையலாம். பழைய பேஸ்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மெமரி சிப்புகளின் மேல் இருக்கும் தெர்மல் பேட் கிழியவில்லை என்றால் அதைத் தொடாதீர்கள். தடிமன் கொஞ்சம் கூடிய பேட் போட்டாலும் ஹீட்சிங்க் சிப்பின் மேல் உட்காராது.

சாதாரண பேஸ்டைவிட ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட்டையே நான் பரிந்துரைப்பேன். சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. சில மாதத்தில் பழைய கதை திரும்புவது அதனால்தான். இந்த ஷீட் சுமார் 45 டிகிரியில் இளகி, இடுக்குகளை நிரப்பி, அங்கேயே தங்கும். பிளாஸ்டிக் படலம் இரண்டு பக்கமும் உண்டு, இரண்டையும் உரிக்க வேண்டும். ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்தால் சுலபமாக உரியும். சில முறை நன்றாகச் சூடேறிய பிறகுதான் முழுப் பலன் தெரியும், முதல் நாள் அளவை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இப்போது ரேம். டிடிஆர்4-2666, அதிகபட்சம் 128 ஜிபி. 3200 வேக ஸ்டிக் போட்டாலும் 2666-ல்தான் ஓடும், ஆகவே அதற்கென்று கூடுதல் காசு வேண்டாம். இரண்டு ஸ்லாட் அடி மூடியைத் திறந்தால் தெரியும், மற்ற இரண்டும் கீபோர்டுக்குக் கீழே. இரண்டு ஸ்டிக் மட்டும் போடுபவர்கள் சேனலுக்கு (பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே உள்ள இரண்டு பாதைகள்) ஒன்று என்று போட வேண்டும். சிபியூ-இசட் மென்பொருளில் டூயல் என்று வருகிறதா பாருங்கள். புது ரேம் போட்ட முதல் முறை திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கும். மெமரியைப் பழக்கிக்கொள்கிறது, பயந்து பவர் பட்டனை அழுத்தாதீர்கள். பிறகு ஒரு இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுங்கள். இசிசி (பிழை திருத்தும்) ரேம் ஜியான் பிராசஸர் உள்ள மாடலில் மட்டுமே பயன்படும். எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஸ்லாட் பிசிஐஇ 3.0 என்பதால், பிசிஐஇ 4.0 (ஜென் 4) டிரைவ் போட்டாலும் நொடிக்குச் சுமார் 3.5 ஜிபிக்கு மேல் வராது.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் அன்றே செய்ய வேண்டியது தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் அப்டேட், அதாவது யுஎஸ்பி-சி வடிவ தண்டர்போல்ட் போர்ட்டை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பின் உள் மென்பொருளைப் புதுப்பிப்பது. 2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேட்களில் பழைய ஃபர்ம்வேர் அந்தக் கன்ட்ரோலரையே கெடுத்துவிடும். யுஎஸ்பி-சி வேலை செய்யாது, சிலவற்றில் எச்டிஎம்ஐயும் சேர்ந்து போகும். கெட்ட பிறகு பெரும்பாலும் போர்டை மாற்றுவதுதான் வழி. காசு கொடுக்கும் முன் பயாஸுக்குள் போய் பயாஸ் அமைப்புகளைப் பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். போர்டில் இருக்கும் சிறிய சிமாஸ் பேட்டரியைக் கழற்றினால் அது அழியாது. லெனோவோவைக் கேட்டாலும் மதர்போர்டை மாற்றத்தான் சொல்வார்கள்.

மெஷின் லேர்னிங்குக்காக வாங்க நினைப்பவர்கள் பி52-ஐ விட்டுவிடுங்கள். அதிலுள்ள குவாட்ரோ பி வரிசை பாஸ்கல் தலைமுறை, 2025-ல் வந்த கூடா 13 (என்விடியா கிராபிக்ஸ் சிப்பில் கணக்குகளை ஓட்ட உதவும் மென்பொருள்) அந்தத் தலைமுறையைக் கைவிட்டுவிட்டது. அடுத்த வருட மாடலான பி53-ல் டூரிங் தலைமுறை சிப்புகள், அவற்றுக்கு கூடா 13-லும் ஆதரவு உண்டு. அதிலும் டி1000, டி2000-ஐத் தாண்டி, 16 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 5000 கிடைக்கிறதா என்று தேடுங்கள்.