நம்பிக்கை வைத்த இடம்

மார்ச் 3, செவ்வாய்

தேர்தல் முடிவுகள் வெளியாகி இரண்டு நாட்கள் ஆகின்றன. நான் வாக்களித்த தலைவர் தோற்றுவிட்டார். வருத்தம் இருப்பது இயல்புதான். ஆனால் அன்றிரவு ஜெபிக்க முழங்காற்படியிட்டபோது ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை என்பதுதான் இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. என் தகப்பனார் இறந்த இரவிலும் அழுதுகொண்டே ஜெபித்தவன் நான். ஒரு மனிதர் பதவிக்கு வராமற்போனதற்கு என் வாய் அடைத்துப்போயிற்று என்றால், இத்தனை மாதங்களாக என் நம்பிக்கை யாரிடத்தில் இருந்தது?

மார்ச் 5, வியாழன்

ஜெபக்குறிப்பு நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். கடந்த ஆறு மாதப் பக்கங்களில் அந்தத் தலைவரின் பெயர் 41 இடங்களில் இருந்தது. சில இடங்களில் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி அடிக்கோடிட்டிருக்கிறேன். எதிர்த்தரப்பில் நின்றவர்களுக்காக ஒரு வரியும் இல்லை.

பிறகு வேதாகமத்தில் 146ஆம் சங்கீதத்தை வாசித்தேன். "பிரபுக்களையும், இரட்சிக்கத்திராணியில்லாத மனுபுத்திரனையும் நம்பாதேயுங்கள்" என்ற வசனம் சிறுவயது முதல் மனப்பாடம். ஆனால் பிரபுக்கள் கெட்டவர்கள் என்று சங்கீதக்காரன் சொல்லவில்லை என்பதை இன்றுதான் கவனித்தேன். அவர்கள் இறந்துபோவார்கள், அந்த நாளிலேயே அவர்களுடைய யோசனைகளும் அழிந்துபோகும் என்பதுதான் அவன் காட்டும் காரணம். நல்ல தலைவருக்கும் அது பொருந்தும். சொல்லப்போனால், நாம் முழுவதுமாகச் சாய்ந்துவிடத் துணிவது நல்லவர்கள்மேல்தான் என்பதால், அவர்களுக்கே அது அதிகமாகப் பொருந்தும். அதற்கடுத்து வரும் வசனங்களில் பசித்தவர்களுக்கு ஆகாரம், கட்டுண்டவர்களுக்கு விடுதலை, பரதேசிகளுக்குப் பாதுகாப்பு, திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் ஆதரவு என்று வரிசையாக வருகின்றன. எல்லாத் தேர்தல் அறிக்கைகளிலும் நான் தேடியவை இவையே. இவற்றைச் செய்கிறவர் கர்த்தர் என்று சங்கீதம் சொல்ல, நானோ அவற்றை ஒரு மனிதரின் தோளில் ஏற்றி வைத்திருந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வருகையில் என் மனநிலையைச் சகோதரர் ஒருவரிடம் சொன்னேன். "அப்படியானால் இனி வாக்களிக்கவே வேண்டாமே, ஐயா" என்றார். அதை நான் ஏற்கவில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதிய நிருபத்தில், அந்த அந்நியப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணும்படி எரேமியா தீர்க்கதரிசி சொல்கிறார். அநியாயம் நடக்கும்போது விசுவாசத்தைக் காரணம் காட்டி ஒதுங்கி நிற்பது பக்தியாகாது. வாக்களிப்பேன், கேள்வி கேட்பேன், தேவைப்பட்டால் எதிர்த்தும் நிற்பேன். இரட்சிப்பை மட்டும் வாக்குப்பெட்டியில் தேடமாட்டேன்.

மார்ச் 11, புதன்

ஜெர்மானியச் சபைகளின் வரலாற்றை மீண்டும் வாசித்தேன். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது, தேசத்தை மீட்க தேவன் அனுப்பியவர் என்று அவரைக் கொண்டாடிய கிறிஸ்தவர்கள் ஏராளம். அவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. போரில் தோற்று, வேலையிழந்து, அவமானப்பட்டு நின்ற அவர்கள் ஏங்கியது ஒரு விடிவுக்குத்தான். என் நோட்டில் உள்ள அடிக்கோடுகளை நினைத்தபோது உடல் நடுங்கியது. 1934 மே மாத இறுதியில் பார்மென் நகரில், இந்தப் போக்கை எதிர்த்த சபைகளின் 139 பிரதிநிதிகள் கூடி ஏற்றுக்கொண்ட அறிக்கை, இயேசு கிறிஸ்து ஒருவரே நாம் கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய தேவனுடைய வார்த்தை என்று முதலில் சொல்லிவிட்டு, நீதியையும் சமாதானத்தையும் காப்பது அரசுக்குத் தேவன் தந்த பணி என்று அதன் ஐந்தாம் பகுதியில் ஒப்புக்கொள்கிறது. அரசை இகழவும் இல்லை, அதை வணங்கவும் இல்லை. ஆனாலும், துன்புறுத்தப்பட்ட யூதர்களைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. அறிக்கைகளும் சபைகளும்கூட மனிதர்களால் ஆனவைதான் என்பதை வலியோடு குறித்துக்கொள்கிறேன்.

மார்ச் 14, சனி

ஏசாயா 36, 37 வாசித்தேன். நீங்கள் துணைக்கு நம்பியிருக்கும் எகிப்து நெரிந்த நாணற்கோல், அதன்மேல் சாய்ந்தால் உள்ளங்கையில் உருவிப்போகும் என்று எருசலேமின் மதிலருகே நின்று சொன்னவன் அசீரியத் தளபதி ரப்சாக்கே. சத்துருவின் வாயிலிருந்து வந்தாலும் அந்த வார்த்தை உண்மைதான். ஆனால் கர்த்தரையும் அந்த நாணலோடு சேர்த்து எண்ணியதில் அவன் தவறினான். அசீரியரின் மிரட்டல் நிருபம் கைக்கு வந்ததும் யூதாவின் ராஜாவாகிய எசேக்கியா அதை வாசித்து, தேவாலயத்துக்குப் போய், கர்த்தருக்கு முன்பாக அதை விரித்து வைத்தான். கவலை தந்த காகிதத்தை அப்படியே கொண்டுபோய் விரித்துவைத்த அந்தக் காட்சியைவிட்டு வெகுநேரம் என்னால் நகர முடியவில்லை.

இரவு, புதிய அமைச்சரவைப் பட்டியல் வந்திருந்த செய்தித்தாளைத் தரையில் விரித்து அதன்முன் முழங்காற்படியிட்டேன். முதல் பெயரைச் சொல்லவே நேரம் பிடித்தது. நான் எதிர்த்து வாக்களித்தவருடைய பெயர் அது. அவருக்கு நீதியான இருதயத்தைத் தாரும் ஆண்டவரே என்று கேட்டேன். பிறகு இரண்டாவது பெயருக்கு வந்தேன்.