பழைய கார் கிளப் நடத்துவது: சந்தாக் கணக்கும் உறுப்பினர் பாதுகாப்பும்

ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மோரிஸ் மைனர், மார்க் 1 அம்பாசிடர் என்று ஒரே ஊரில் நாற்பது பேர் வண்டி வைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை டிரைவ் தானாகவே நடக்கும். அதற்கு வாட்ஸ்அப் குழு போதும். கிளப் என்று பெயர் வைத்து, ரசீது போட்டுப் பணம் வாங்கி, பள்ளி விழாவுக்கு வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தத் தொடங்கினால் பொறுப்பும் கூடவே வந்துவிடும். அந்தப் பொறுப்புக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்ட பிறகே நாங்கள் சந்தாவை முடிவு செய்தோம். பக்கத்து ஊர் கிளப் என்ன வாங்குகிறது என்று பார்த்துச் சந்தா வைத்தால், பணம் பற்றாதபோது முதலில் கைவைப்பது பாதுகாப்புச் செலவில்தான்.

பதிவு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். குறைந்தது 7 பேர் வேண்டும். உறுப்பினர் எண்ணிக்கை 20-ஐத் தொட்டாலோ ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். பைலாவை, அதாவது சங்க விதிகளை, மாதிரிப் படிவத்திலிருந்து அப்படியே எடுத்தால் பின்னால் கஷ்டம். யாருக்கு ஓட்டு உண்டு, புகார் வந்தால் விசாரணை முடியும்வரை ஒருவரை ஒதுக்கி வைக்கும் அதிகாரம் யாருக்கு, நீக்குவதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நியாயமான நடவடிக்கையும் நோட்டீஸ் பிரச்சினையில் அடிபட்டுப்போகும். பிறகு கிளப் பெயரில் பான், இரண்டு கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கு. உறுப்பினர் சந்தாவுக்கு வருமான வரி பொதுவாக வராது. வைப்புத்தொகை வட்டிக்கு வரும்.

இனி சந்தா. வருடத்துக்கு நான்கு டிரைவ், 40 உறுப்பினர் என்று வைத்து ஒரு மாதிரிக் கணக்கு: பழுதாகி நின்ற காரை ஏற்றிவரும் பிளாட்பெட் டோ வண்டி 32,000, ஆம்புலன்ஸ் 20,000, நிகழ்ச்சிகளுக்கான பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் 18,000, தணிக்கையும் பதிவாளர் அலுவலகத் தாக்கலும் 12,000, கூட்ட இடம் 8,000, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி 6,000. மொத்தம் 96,000. இதை 40-ஆல் வகுக்கக் கூடாது. எந்தக் கிளப்பிலும் ஐந்தில் ஒருவர் பாக்கி வைப்பார் என்று எடுத்துக்கொண்டு 32-ஆல் வகுத்தால் ஆளுக்கு 3,000 ரூபாய். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், வகுக்கும் முறை மாறாது. சந்தா ஆளுக்குத்தான், காருக்கு அல்ல. பத்து கார் வைத்திருப்பவருக்கும் ஒரே சந்தா, ஒரே ஓட்டு. டிரைவ் நாளின் சாப்பாடு, நிறுத்துமிடச் செலவு மட்டும் வண்டிக் கணக்கில். புதிதாகச் சேருபவர் கட்டும் நுழைவுக் கட்டணம் தனி வைப்பில் போகும், அன்றாடச் செலவுக்கு அதைத் தொடுவதில்லை.

ஆயுள் சந்தா வேண்டவே வேண்டாம். 25,000 ரூபாயை 7 சதவீதத்தில் போட்டால் வருடத்துக்கு 1,750 வரும். அந்த உறுப்பினருக்கு ஆகும் செலவு 3,000. முதல் வருடம் கஜானா நிரம்பியதுபோல் இருக்கும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் அந்தப் பற்றாக்குறை மற்றவர்கள் தலையில் விழும். சொந்தக் கார் இல்லாத மெக்கானிக், டிங்கர், எலக்ட்ரீஷியன் ஆகியோருக்கு 500 ரூபாய் போதும். ஹெரால்டின் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் கிளப்பில் இருப்பது பணத்தைவிடப் பெரிது.

பொதுமக்களிடம் பணம் வாங்கிக்கொண்டு சவாரி ஏற்றுவதை அடியோடு தடுத்துவிட்டோம். நன்கொடைக்காக ஆளுக்கு 100 ரூபாய் என்றாலும் அது வாடகைப் பயன்பாடு. தனிநபர் கார் பாலிசி அதற்குப் பொருந்தாது. விபத்து நடந்தால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி வின்டேஜ் வண்டிகளுக்கான ‘விஏ’ எண் வாங்கிய வண்டிகளுக்கு இன்னும் கட்டுப்பாடு அதிகம். 2021-ல் வந்த விதிப்படி புதுப் பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரணங்களுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். அதனால் ஒவ்வொரு டிரைவுக்கும் தேதி, பாதை, வண்டி எண் போட்ட கடிதத்தைக் கிளப் கொடுத்துவிடும்.

வண்டிச் சோதனை டிரைவுக்கு முந்தின வாரமே. அன்று காலையில் வைத்தால் யாரையும் திருப்பி அனுப்ப மனசு வராது. பிரேக் பெடலை அழுத்தி 30 விநாடி பிடிக்க வேண்டும். மெல்லக் கீழே இறங்கினால் வண்டி வரக்கூடாது. இந்த வண்டிகளில் பிரேக் லைன் ஒன்றுதான். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். டயரில் பட்டனை, அதாவது ரோட்டைத் தொடும் வரிகளை, மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. குறைவாக ஓடும் வண்டியில் பட்டன் தேயாது, ரப்பர்தான் காய்ந்து வெடிக்கும். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2316 என்றால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரம். 7 வருடம் தாண்டிய டயருக்கு அனுமதி இல்லை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். விரலால் அழுத்தினால் அமுங்கியபடியே நிற்கும் ஹோஸை அன்றே மாற்ற வேண்டும். 2 கிலோ பவுடர் தீயணைப்பான் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் அல்ல. புகை வந்தால் பானெட்டை முழுசாகத் திறக்காமல் ஒரு விரல் இடைவெளி விட்டு அதன் வழியே அடிக்க வேண்டும்; முழுசாகத் திறந்தால் காற்று புகுந்து தீ எழும்பிவிடும்.

பெல்ட் இல்லாத காரில் சிறுவர்கள் டிரைவுக்கு வருவதில்லை. பின்னால் வரும் துணை வண்டியில் வரலாம். பள்ளி நிகழ்ச்சியில் எந்தக் குழந்தையும் ஓர் உறுப்பினருடன் தனியாகக் காருக்குள் உட்காரக் கூடாது. கதவு திறந்திருக்கும், ஆசிரியர் பக்கத்தில் நிற்பார். புகார் கேட்க இருவர், அதில் ஒருவராவது பெண். இருவரும் தலைவர், செயலாளர் குடும்பத்தைச் சேராதவர்கள். குழந்தை சம்பந்தப்பட்ட புகார் என்றால் கிளப்புக்குள் பேசித் தீர்க்கும் பேச்சே இல்லை. போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ உறுப்பினர் அட்டையின் பின்புறத்திலேயே அச்சடித்திருக்கிறோம்.

உறுப்பினர் பாதுகாப்பில் பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று, வயதான உறுப்பினரின் குடும்பம். அவர் காலமான பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வாசலில் தரகர் வந்து நிற்பார். “ஓடாத வண்டிம்மா, இரும்பு விலைதான் போகும்” என்பார். வரும் ஆள் சில நேரம் கிளப் ஆளாகவே இருப்பதுதான் வேதனை. அதனால் பைலாவிலேயே எழுதினோம்: இறந்த உறுப்பினரின் வண்டியை நிர்வாகக் குழுவினரோ அவர்கள் உறவினரோ ஆறு மாதத்துக்கு வாங்கக் கூடாது. குடும்பம் கேட்டால், வாங்கும் எண்ணம் இல்லாத இருவர் மதிப்பை எழுத்தில் தருவார்கள்.

உறுப்பினர் உயிரோடு இருக்கும்போதே ஒரு ஃபைல் தயார் செய்கிறோம். ஆர்.சி. நகல், இன்ஷூரன்ஸ், சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட், இன்ஜின் எண்ணின் படம். ஆர்.சி.யில் நாமினி பெயர் சேர்க்க 2021 முதல் வழி இருக்கிறது. அதைச் சேர்த்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும். இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல், மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்றும் படிவம் 31. உதிரிப் பொருட்களுக்கும் ஒரு பட்டியல் அந்த ஃபைலில் இருக்க வேண்டும். பரணில் துணியில் சுற்றிக் கிடக்கும் விண்ட்ஷீல்டு கண்ணாடி, ஹெட்லைட் ரிம், கியர்பாக்ஸ் எல்லாம் பட்டியல் இல்லாவிட்டால் வண்டியோடு இலவசமாகப் போய்விடும். அவற்றைத் தனியாக விலை பேச வேண்டும் என்பதை வீட்டம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி, பட்டியலில் அவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுகிறோம்.