உவ்வே வந்த இடம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறை. அங்கே கிடக்கிற எடைச் சீட்டுகளின் பின்பக்கமெல்லாம் என் மகளின் கிறுக்கல்தான். மூன்றரை வயது. காதைப் பரிசோதித்தாயிற்று, குறையில்லை. ஆனாலும் பேச்சு இரண்டு சொற்களைத் தாண்டவில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவாள்.

போன மாதம் ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட ஏறியிருக்க மாட்டோம், பஸ்ஸிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். மறுநாள் காலை ஒரு சீட்டில் பென்சிலால் நீளமாக இழுத்தாள். கோடு வளைந்தது, திரும்பியது, மறுபடி வளைந்தது. வாயில் பஸ்ஸின் உறுமல். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, தாள் கிழியும்வரை அழுத்தித் தேய்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா உவ்வே. அப்பா கோபம்" என்றாள்.

அதுவரை அவள் சொன்னதிலேயே நீளமான சேதி அதுதான். பஸ்ஸில் அவளை அதட்டியதை நான் மறந்தே போயிருந்தேன்.

அந்தத் தாளில் பஸ்ஸும் இல்லை, மலையும் இல்லை. இந்த வயதில் கோடு பல நேரம் பொருளின் உருவமல்ல, அதன் ஓட்டம். வழக்கம்போல "என்ன இது, பாம்பா?" என்று கேட்டிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இங்கே ரொம்ப அழுத்தியிருக்கிறாயே" என்று மட்டும் சொல்கிறேன். சில நாள் பதில் வருகிறது. சில நாள் பென்சிலை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிடுகிறாள்.

இப்போது ஆட்களையும் வரைகிறாள். ஒரு வட்டம், இரண்டு புள்ளி, தலையிலிருந்து நேராகக் கால்கள். "உடம்பு எங்கேடா போயிற்று?" என்கிறார் என் அம்மா. மூன்று நான்கு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இப்படித்தான் வரைவார்கள், திருத்த வேண்டியதில்லை. என் தொந்தி தப்பித்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

நர்சரியில்தான் தொல்லை. புள்ளிகளின் மேல் 'அ' எழுதவில்லை என்று புகார். பென்சிலை இன்னும் கைப்பிடியாகப் பிடிக்கிற குழந்தை! பொதுவாக மூன்று வயதில் வட்டம் வரும், நான்கில் கூட்டல் குறி வரும், சதுரம் அதற்கும் பிறகு. 'அ'வில் சுழியும் வளைவும் நேர்கோடும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. பட்டறைக்குப் புதிதாக வருகிற பையனிடம் முதல் நாளே நான் பற்றவைப்பைக் கொடுப்பதில்லை.

அம்மாவின் பாடத்திட்டம் மேல். வாசலில் கோலம் போட்டு முடித்ததும் மிச்சப் பொடியை அவளிடம் கொடுத்துவிடுவார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி, சிந்தாமல் இழுக்க வேண்டும். நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப்போவதும் அதே விரல்கள்தானே.

நேற்று அந்தப் பொடியில், கோலத்துக்குப் பக்கத்திலேயே, ஓர் ஆள் நின்றிருந்தார். வட்டமும் கால்களும் கோணல்மாணல். வாய் மட்டும் முகத்தில் பாதி. யார் என்று நான் கேட்கவில்லை.