சுவர் இருந்தவரை நண்பர்கள்

பெர்லினில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் பேம் தெரு அதில் வராது. கெசுண்ட்ப்ரூனென் ரயில் நிலையத்தை ஒட்டி, அடுக்குமாடி வீடுகளும் சங்கிலி போட்டுக் கட்டிய சைக்கிள்களுமாக, வடக்கு பெர்லினின் மற்ற எந்தத் தெருவையும் போலத்தான் இருக்கிறது. 1974 வரை இங்கே ஒரு கால்பந்து மைதானம் இருந்தது. ஹெர்த்தா பி.எஸ்.சி. அணியின் சொந்த மைதானம். ஊர்க்காரர்கள் அதைச் செல்லமாக 'ப்ளும்பெ' என்பார்கள்.

என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவன் என் கல்லூரி நண்பன். பல வருடமாக பெர்லினில் வேலை. ஹெர்த்தாவின் பரம எதிரியான யூனியன் பெர்லின் கிளப்பில் சந்தா கட்டும் உறுப்பினர். "நேரா ஸ்டேடியத்துக்குப் போனா வெறும் சத்தம்தான் கேக்கும். முதல்ல இங்க வா, கதை புரியும்" என்றான். மைதானம் இருந்த இடத்தை அவன் சரியாகப் பார்க்கக்கூட விடவில்லை. தெருக்கோடியில் தண்டவாளங்களுக்கு மேலே போகும் பாலத்தைக் காட்டினான். அந்தத் தண்டவாளங்களோடு மேற்கு பெர்லின் முடிந்தது. அதற்கு அப்புறம் நகரை இரண்டாகப் பிரித்த பெர்லின் சுவர்.

1961 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. விடிந்தபோது எல்லையை மூடியிருந்தார்கள். ஹெர்த்தாவுக்குக் கிழக்குப் பகுதியில் நிறைய ரசிகர்கள். அதுவரை நடந்தே ஆட்டத்துக்கு வந்தவர்கள் அவர்கள். இனி வர வழியில்லை. ஆனால் மைதானம் எல்லையிலிருந்து கூப்பிடு தூரம். ஆட்ட நாளில் சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டமாக வந்து நிற்பார்களாம். இங்கிருந்து எழும் ஆரவாரத்தை வைத்தே கோல் விழுந்ததா, தப்பியதா என்று கணக்குப் போடுவார்களாம். 1963-ல் நாட்டின் முதல் டிவிஷன் லீகான பூண்டஸ்லீகா தொடங்கியதும் ஹெர்த்தா நகரின் மேற்குக் கோடியில் இருக்கும் ஒலிம்பிக் மைதானத்துக்கு இடம் மாறியது. அதோடு சத்தமும் போயிற்று.

இந்தக் கிழக்கு ரசிகர்களில் பலர் பிறகு யூனியன் பக்கம் சேர்ந்தார்கள். ஏன் யூனியன்? கிழக்கு பெர்லினில் இன்னொரு பெரிய அணியும் இருந்தது: பி.எஃப்.சி. டைனமோ. அது ரகசியப் போலீசான ஸ்டாசியின் அணி. அதன் தலைவர் எரிக் மீல்கேவின் செல்லப்பிள்ளை. 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்து முறை சாம்பியன். நடுவர்கள் அந்த அணிக்கு எப்படி விசில் ஊதினார்கள் என்பதைக் கிழக்கு ஜெர்மனியில் கேட்டால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். அதைப் பிடிக்காதவர்களுக்கு மிச்சமிருந்தது யூனியன்தான். எதிரணி ஃப்ரீ கிக்குக்குத் தடுப்பாக வரிசைகட்டி நின்றால் அதற்கும் 'சுவர்' என்றுதானே பெயர்? யூனியன் ரசிகர்கள் அந்த நேரம் பார்த்து "சுவர் விலகணும்!" என்று கோரஸாகக் கத்துவார்கள். மஃப்டியில் நிற்கும் ஆள் யாரைப் பிடிப்பார்? அவர்கள் கால்பந்தைப் பற்றித்தானே பேசினார்கள்!

ஆக, மேற்கே ஹெர்த்தா, கிழக்கே யூனியன். நடுவே முள்கம்பி. ஒரு லீகில் ஆடாததால் போட்டியும் இல்லை. இந்தச் சூழலில்தான் நட்பு வளர்ந்தது. 'முள்கம்பிக்குப் பின்னால் நண்பர்கள்' என்று துணிப்பட்டை தைத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். "ஹெர்த்தாவும் யூனியனும் ஒரே நாடு" என்று பாடினார்கள். ஹெர்த்தா 1979-ல் ஐரோப்பிய கிளப்கள் மோதும் யூஈஎஃப்ஏ கோப்பைக் காலிறுதிக்காகப் பிராக் நகரத்துக்குப் போனது. செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போகக் கிழக்கு ஜெர்மானியர்களுக்கு விசா தேவையில்லை. சொந்த ஊர் அணியைப் பார்க்க வெளிநாட்டுக்கு ரயில் ஏறினார்கள்.

சனிக்கிழமை மதியம் கோபெனிக் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து மைதானத்துக்குப் போகும் வழியில் மரங்கள் அடர்ந்த பாதை வருகிறது. கையில் பீர் பாட்டிலோடு சிவப்பு–வெள்ளைக் கழுத்துத்துண்டுகள் சாரைசாரையாகப் போகின்றன, யாருக்கும் அவசரமில்லை. மைதானத்தின் பெயரே 'ஆல்ட்டெ ஃபோர்ஸ்டெரை', பழைய வனக்காவலர் இல்லம். மொத்தம் 22,012 பேர் கொள்ளும். அதில் உட்கார 3,617 இடம்தான். மற்றவர்கள் நிற்க வேண்டும். 2008-ல் பழைய படிக்கட்டுகள் இற்றுப்போய், புதுப்பிக்கக் கிளப்பிடம் பணம் போதாமல் இருந்தபோது ரசிகர்களே இறங்கினார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், சம்பளமில்லாமல், ஒன்றே கால் லட்சம் மணி நேரத்துக்கு மேல் உழைத்துக் கட்டிய படிக்கட்டுகள் இவை. நான் நின்ற படியில் காங்கிரீட் பூச்சு ஓரிடத்தில் மேடும் பள்ளமுமாக இருந்தது. கொத்தனார் வேலை தெரியாத யாரோ ஒரு ரசிகனின் கைவண்ணம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மூலையில் சின்ன வீடு போன்ற பழைய ஸ்கோர் போர்டு. கோல் விழுந்தால் ஆள் கையால்தான் எண்ணை மாற்றுகிறார்.

அறிவிப்பாளர் ஒவ்வொரு வீரரின் பெயரையும் சொல்லச் சொல்ல, மொத்த மைதானமும் "கால்பந்துக் கடவுள்!" என்று பதில் கொடுத்தது. மாற்று ஆட்டக்காரர்களுக்கும் அதே பட்டம். அன்றைக்கு ஆட்டம் சுமார்தான். ஆனால் சொந்த வீரர் தவறினால் இங்கே யாரும் கூச்சல் போடுவதில்லை, விசில் அடிப்பதில்லை. கடைசி நிமிடத்துக்கு முன்னால் கிளம்புவது பாவம். சென்னையில் தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் பார்க்கிங்கை நோக்கி ஓடும் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

பக்கத்தில் நின்றவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கையில்லாத ஜீன்ஸ் மேல்சட்டை. துணி தெரியாத அளவுக்கு யூனியன் பட்டைகள். இடைவேளையில் நண்பன் என்னை அறிமுகப்படுத்தி, ப்ளும்பெ பார்த்துவிட்டு வந்தோம் என்று சொன்னான். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு மேல்சட்டையின் ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினார். உள்பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே, நீலம் வெளுத்துச் சாம்பலாகிப் போன ஹெர்த்தா கொடிப் பட்டை. ஓரத்தில் தையல் பிரிந்து, வேறு நிற நூலால் மறுபடி தைத்திருந்தது.

எண்பதுகளில் மேற்கிலிருந்து ஹெர்த்தா பையன்கள் ஒரு நாள் அனுமதியில் இங்கே வருவார்களாம். வரும் ஒவ்வொருவரும் 25 மார்க்கைக் கட்டாயமாகக் கிழக்குப் பணமாக மாற்ற வேண்டும். மிச்சத்தைத் திரும்ப எடுத்துப் போகவும் முடியாது. "அதனால் எல்லாவற்றையும் எங்களுக்கு பீர் வாங்கியே தீர்த்தார்கள். அவ்வளவு நல்ல நண்பர்களை அப்புறம் நான் பார்க்கவில்லை" என்று சிரித்தார்.

பட்டை ஏன் உள்பக்கம் என்று கேட்டேன். கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் கொடி ஆடிக்கொண்டிருந்த பக்கம் தாடையை அசைத்தார். "என் மகன் அங்கே நிற்கிறான். அவனுடைய சிநேகிதர்கள் பார்த்தால் அவனுக்குத்தான் சங்கடம்."

1989 நவம்பர் 9 இரவு சுவர் திறந்தது. இரண்டு நாள் கழித்து ஒலிம்பிக் மைதானத்தில் ஹெர்த்தாவுக்கும் வாட்டன்ஷைட் அணிக்கும் இரண்டாம் டிவிஷன் ஆட்டம். கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு இலவச டிக்கெட். நாற்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். 1990 ஜனவரி 27 அன்று அதே மைதானத்தில் ஹெர்த்தா–யூனியன் நட்பு ஆட்டம். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். டிக்கெட் 5 மார்க், கிழக்குப் பணமோ மேற்குப் பணமோ எதைக் கொடுத்தாலும் சரி. ஹெர்த்தா 2–1 என்று ஜெயித்தது, யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு கொடிகளும் ஒன்றாக ஆடின. கிழவரும் போயிருக்கிறார். முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்து அழுதாராம்.

அதே வருடம் ஆகஸ்டில் பதில் ஆட்டம், இந்த ஃபோர்ஸ்டெரையில். வந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஏழே மாதத்தில் எப்படிக் கரைந்தது என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கோபம், துரோகம் என்றெல்லாம் எதுவும் இல்லை. "தொழிற்சாலையை மூடினார்கள். எனக்கு வேலை போயிற்று. மேட்ச் யார் நினைத்தார்கள்?"

பிறகு ஹெர்த்தா 1997-ல் முதல் டிவிஷனுக்கு ஏறியது. யூனியன் பணமில்லாமல் கீழ் டிவிஷன்களில் தடுமாறியது. 2004-ல் கிளப்பைக் காப்பாற்ற ரசிகர்கள் ரத்த தானம் செய்து, அதற்குக் கிடைத்த தொகையைக் கொடுத்தார்கள். அந்த வருடங்களில் வளர்ந்த பையன்களுக்கு ஹெர்த்தா என்றால் பணக்கார மேற்கு. ஹெர்த்தா பையன்களுக்கு யூனியன் என்றால் கோபெனிக் காட்டுக்காரர்கள். 2010-ல்தான் முதல்முறையாக லீக் ஆட்டத்தில் மோதினார்கள். 2011 பிப்ரவரியில் ஒலிம்பிக் மைதானத்தில் டார்ஸ்டன் மட்டுஷ்கா அடித்த ஃப்ரீ கிக்கில் யூனியன் 2–1 என்று வென்றது. மட்டுஷ்கா பெயரைச் சொன்னால் நண்பன் இன்னும் நெஞ்சில் கை வைக்கிறான்.

2019-ல் யூனியனும் முதல் டிவிஷனுக்கு வந்தது. சுவர் விழுந்த முப்பதாம் ஆண்டு. நவம்பர் 9 அன்றே டெர்பியை, அதாவது ஒரே ஊர் அணிகள் மோதும் ஆட்டத்தை, வைத்துக்கொள்ளலாம் என்று ஹெர்த்தா தரப்பு ஆசைப்பட்டது. யூனியன் தலைவர் டிர்க் ஸிங்லர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். டெர்பி என்றால் போட்டி, கால்பந்தில் ஒரு வர்க்கப் போராட்டம் என்பது அவர் வாதம். எனக்கு அது நேர்மையான பதிலாகப் படுகிறது. விழா எடுத்திருந்தால் டிவிக்காரர்களுக்குத்தான் லாபம். ஆட்டம் ஒரு வாரம் முன்னதாக, நவம்பர் 2-ல் நடந்தது. ஹெர்த்தா பக்கத்திலிருந்து தீப்பந்துகள் புல்தரையில் வந்து விழ, ஆட்டம் சில நிமிடம் நின்றது. கடைசியில் செபாஸ்டியன் போல்ட்டரின் பெனால்டியில் யூனியன் 1–0. முடிந்ததும் முகமூடி போட்ட யூனியன் ஆட்கள் சிலர் ஹெர்த்தா பக்கம் ஓட, யூனியன் கோல்கீப்பர் கிகியேவிட்ஸ் தனியாக நின்று சொந்த ரசிகர்களையே திருப்பித் துரத்தினார். 2022 ஏப்ரலில் யூனியன் 4–1 என்று வென்றபோது இன்னும் மோசம். ஹெர்த்தா ரசிகர்கள் தங்கள் வீரர்களையே கூப்பிட்டு, ஜெர்சியைக் கழற்றிக் கீழே வைக்கச் சொன்னார்கள். சிலர் வைத்தார்கள்.

வேறொரு வார இறுதியில் ஒலிம்பிக் மைதானத்துக்கும் போனேன். நண்பன் வர மறுத்துவிட்டான். ஹெர்த்தா இப்போது இரண்டாம் டிவிஷனில். அன்றைக்கு எதிரணி கார்ல்ஸ்ரூஹ, சுருக்கமாக கே.எஸ்.சி. எனக்கு அதிர்ஷ்டம்தான், ஏனென்றால் இந்த இரண்டு ரசிகர் கூட்டமும் 1970-களிலிருந்து நண்பர்கள். இரண்டுக்கும் நீலம்–வெள்ளை. ரயிலில் எதிர் இருக்கையில் இருந்தவர்களில் யார் உள்ளூர், யார் வெளியூர் என்று சொல்லவே முடியவில்லை. பாதி ஹெர்த்தா, பாதி கார்ல்ஸ்ரூஹ என்று சேர்த்துத் தைத்த கழுத்துத்துண்டு எல்லார் கழுத்திலும். மைதானத்தில் ஒரு பக்கம் "ஹெர்த்தா" என்று எழுப்ப, மறுபக்கம் "கே.எஸ்.சி." என்று முடித்தார்கள். விருந்தாளி அணி கார்னர் எடுக்க வந்தபோது விசில் கிடையாது. நுழைவாயில் போலீஸ்காரர்கள் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஹெர்த்தாவின் தீவிர ரசிகர்கள் நிற்கும் பகுதியின் பெயர் 'கிழக்கு வளைவு'.

கார்ல்ஸ்ரூஹ பெர்லினிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஷால்கேயும் நியூரன்பெர்க்கும் ஜெர்மனியின் பேர்போன இன்னொரு நட்பு ஜோடி. நடுவே நாட்டின் பாதி. இத்தனைக்கும் அவை 1934-லும் 1937-லும் தேசிய இறுதிப் போட்டியில் மோதியவை. இரண்டு முறையும் தோற்றது நியூரன்பெர்க். அதை யாரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அதே நியூரன்பெர்க்குக்கு ஒட்டினாற்போல் இருக்கும் ஃப்யூர்த் ஊரோடு மட்டும் தீராப் பகை. 1924-ல் தேசிய அணி முழுக்க இந்த இரண்டு ஊர்க்காரர்கள்தான். ஆம்ஸ்டர்டாம் ஆட்டத்துக்கு ஒரே ரயிலில், தனித்தனிப் பெட்டியில் போனார்கள். ஃப்யூர்த்காரர் கோல் போட்டபோது ஃப்யூர்த்காரர்கள் மட்டும்தான் கைகொடுத்தார்கள்.

தூரத்தில் இருப்பவனோடுதான் நட்பு கட்டுப்படியாகிறது. பெர்லினில் அந்தத் தூரத்தைச் சுவர் கொடுத்துக்கொண்டிருந்தது.

போகிறவர்களுக்கு: யூனியன் டிக்கெட் பெரும்பாலும் உறுப்பினர்களுக்கே தீர்ந்துவிடும், தெரிந்தவர் யாராவது இருந்தால்தான் வழி. ஹெர்த்தாவுக்கு அந்தக் கவலை இல்லை, எழுபத்தி நான்காயிரம் இருக்கையில் எப்படியும் இடம் இருக்கும். பீர் குவளைக்கு முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கோபெனிக் பக்கம் நீலச் சட்டை வேண்டாம். நண்பன் வீட்டில் நான் வாங்கி வந்த ஹெர்த்தா–கார்ல்ஸ்ரூஹ துண்டைப் பார்த்துவிட்டு, அதைப் பையின் அடியில் வைக்கச் சொன்னான். துணி உலர்த்தும் கம்பியில்கூடப் போட விடவில்லை.