தூக்குத் தண்டனை மேல்முறையீட்டில் கெடு தவறினால்: தாமத மன்னிப்பு மனு போடும் விதம்

தீர்ப்பு வந்ததும் குடும்பத்தார் கேட்பது, "கெடுவைக் கொஞ்சம் நீட்டித்து வாங்க முடியுமா?" என்றுதான். முன்கூட்டியே நீட்டித்து வாங்க நம் சட்டத்தில் வழியில்லை. கெடு தாண்டிய பிறகு, மேல்முறையீட்டோடு சேர்த்து, காலவரையறைச் சட்டம் 1963-ன் 5-ஆம் பிரிவில் "தாமதத்தை மன்னியுங்கள்" என்று தனி மனு போட வேண்டும். வக்கீல்கள் பேச்சில் இது 'கன்டோன் டிலே'. இதைப் பலமுறை தயாரித்த அனுபவத்தில், எங்கே சறுக்கும் என்பதை எழுதுகிறோம்.

மற்ற வழக்குகளைவிட மரண தண்டனைக்குக் கெடு குறைவு. அமர்வு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 30 நாள். அங்கிருந்து உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு (எஸ்.எல்.பி.) போட 60 நாள், சாதாரண வழக்குக்கு இதுவே 90 நாள். உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மறுபடி பார்க்கக் கோரும் மறுசீராய்வு மனுவுக்கு 30 நாள். எஸ்.எல்.பி.க்கு 90 நாள் என்று பழக்கத்தில் கணக்குப் போட்டு ஒரு மாதத்தை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

உயர் நீதிமன்றக் கட்டத்தில் பதற்றம் தேவையில்லை. தண்டனையை உறுதிசெய்யக் கோரி அமர்வு நீதிமன்றமே வழக்கை அனுப்பிவிடும். சென்னை உயர் நீதிமன்றத்தில் அது ஆர்.டி. ('ரெஃபர்டு டிரையல்') எண்ணோடு வரும். மேல்முறையீடே இல்லாவிட்டாலும் நீதிபதிகள் முழுச் சாட்சியத்தையும் பார்த்தாக வேண்டும். ஆனாலும் தனி மேல்முறையீடு போடாமல் விடக்கூடாது. அதே தீர்ப்பில் உள்ள மற்றக் குற்றங்களுக்கான தண்டனைகளை எதிர்க்க அதுதான் வழி. சிறை வழியாகப் போடுவதானால், கண்காணிப்பாளரிடம் கொடுத்த தேதியை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இனி நாள் கணக்கு. அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். தீர்ப்பு நாளைக் கழிக்க வேண்டும். சான்றிட்ட நகல் பெற ஆன நாட்களையும் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி கழிக்கலாம். நகலின் பின்பக்கத்தில் மனு போட்ட நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கட்டிய நாள், தயாரான நாள், வழங்கிய நாள் எல்லாம் இருக்கும். நாம் பார்க்க வேண்டியது தயாரான நாள். தயாரான நகலைப் பத்து நாள் கழித்துப் போய் வாங்கினால் அந்தப் பத்து நாள் நம் கணக்கில்தான் ஏறும்.

உயர் நீதிமன்றத் தீர்ப்பு மார்ச் 3 என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 4 முதல் எண்ணினால் மே 2 அறுபதாவது நாள். நகலுக்கு மார்ச் 6-ல் மனு, 18-ல் தயார் என்றால் 13 நாள் கூடும். கடைசி நாள் மே 15. ஜூன் 20-ல் தாக்கல் செய்தால் தாமதம் 36 நாள். இந்த எண் மனுவின் கோரிக்கையில் அப்படியே இருக்க வேண்டும். ஒரு நாள் பிசகினாலும் பதிவகம் குறை காட்டித் திருப்பும். திருத்தி மறுபடி தாக்கல் செய்வதில் தாமதமானால் அதற்கும் தனியாக மன்னிப்பு கேட்க நேரும்.

சிறையிலிருந்து வர வேண்டியவை: கைதி கையெழுத்திட்டு, சிறை அதிகாரி சான்றொப்பம் வைத்த வக்காலத்து (வழக்கறிஞரை நியமிக்கும் பத்திரம்); இன்றுவரை எத்தனை நாள் சிறையில் இருக்கிறார் என்ற காவல் சான்று. சான்றொப்பம் இல்லாத வக்காலத்து டெல்லி போய்த் திரும்பி வந்தால் வாரங்கள் வீணாகும். எனவே தீர்ப்பு வந்த வாரத்திலேயே இரண்டு மூன்று வெற்று வக்காலத்துகளில் கையெழுத்து வாங்கிவிடுவோம். சிறையில் இருப்பவர் எவரானாலும், வருமானம் பார்க்காமல், இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது; அழைக்க வேண்டிய எண் 15100.

பிரமாணப் பத்திரத்தை வெளியில் இருக்கும் உறவினர் தரலாம். அதில் "ஏழைக் குடும்பம், விவரம் தெரியாது" என்று இரண்டு வரியோடு நிறுத்தக்கூடாது. கைதி கையில் நகல் கிடைத்த தேதி, சட்ட உதவிக்கு விண்ணப்பித்த தேதி, வழக்கறிஞர் நியமனமான தேதி, வழக்குக் கட்டு டெல்லி போன தேதி என வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதத்தை இணைக்க வேண்டும். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் என்பதை இயந்திரம்போல் பார்க்கக்கூடாது என்று 1987-லேயே கட்டிஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் இடையில் ஒரு மாதம் விளக்கமே இல்லாமல் கிடந்தால் கேள்வி வரும். அந்த மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதையும் உள்ளபடி எழுதுங்கள். இட்டுக்கட்டிய மருத்துவச் சான்று மொத்த மனுவின் மீதும் சந்தேகத்தைக் கொண்டுவரும்.

தமிழ்நாட்டு வழக்குகளில் நாளை விழுங்குவது மொழிபெயர்ப்பு. சாட்சியமெல்லாம் தமிழில் இருக்கும். மொழிபெயர்ப்பு முடியட்டும் என்று மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். அதிகாரப்பூர்வ மொழிபெயர்ப்பிலிருந்து விலக்குக் கேட்டு ஒரு மனு சேர்த்துத் தாக்கல் செய்துவிட்டு, பிறகு பக்கங்களைக் கொடுக்கலாம்.

உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் நீதிமன்றங்கள் தாமதத்தைப் பெரும்பாலும் பெரிதுபடுத்துவதில்லை. டெல்லி 2012 (நிர்பயா) வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2017 மே 5-ல் வந்தது. நான்காவது கைதியின் மறுசீராய்வு மனு 2019 டிசம்பரில்தான் போனது. அப்போதும் திறந்த நீதிமன்றத்தில் வாதம் கேட்ட பிறகே தள்ளுபடி செய்தார்கள். மரண தண்டனை மறுசீராய்வை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்பது 2014-ல் முகமது ஆரிஃப் வழக்கில் வந்த உரிமை. கடலூர் மாவட்ட வழக்கு ஒன்றில் 2023 மார்ச்சில் மறுசீராய்வில்தான் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. ஆகவே 30 நாள் போய்விட்டது என்று யாரும் கைவிட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வாரண்டுக்கு, அதாவது தூக்கிலிட நாள் குறிக்கும் உத்தரவுக்கு. 2015-ல் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த ஆறாம் நாளே தூக்கு வாரண்ட் போட்டார்கள். மறுசீராய்வுக்கான 30 நாள் முடியாததைக் காட்டித்தான் அது ரத்தானது. கெடு தாண்டி, மனுவும் போடாத கைதிக்குக் காட்ட அந்த 30 நாள் இருக்காது. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 472-ஆம் பிரிவும் வந்துவிட்டது: மேல்முறையீடோ மறுசீராய்வோ தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளில் கருணை மனு. ஆளுநர் நிராகரித்தால் குடியரசுத் தலைவருக்கு 60 நாள்.

அதனால் மனு தாக்கலாகி, பதிவகம் தரும் டைரி எண் வந்த அன்றே ஒரு கடிதம் எழுதுவோம். டைரி எண், தாக்கல் தேதி, தாமத மன்னிப்பு மனு நிலுவையில் இருக்கும் விவரம் மூன்றும் அதில் இருக்கும். ஒரு பிரதி சிறைக் கண்காணிப்பாளருக்கு, ஒன்று தண்டனை வழங்கிய அமர்வு நீதிமன்றத்துக்கு, ஒன்று உள்துறைச் செயலாளருக்கு. விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, தபால் ரசீதைக் கட்டிலேயே வைத்துவிடுவோம்.